பெருங்குடற் புற்றும் எழுத்துத் திரிபும்

ஒரே பெயரால் வழங்கப்படும் நோய் யாவர்மாட்டும் ஒரே தன்மையதாக இருக்குமென எண்ணுதல் மக்கள் இயல்பு. பெருங்குடலிற் புற்றுநோய் கண்ட இருவரை எடுத்துக்கொள்வோம். இருவர்க்கும் வயது ஏறக்குறைய ஒன்றே. கட்டி தோன்றிய இடமும் ஒன்றே. நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால் இருவர் கட்டியும் ஒரே தோற்றமுடையன. இருவர்க்கும் ஒரே மருந்து கொடுக்கப்படுகின்றது. ஒருவர்க்கு அம்மருந்தாற் கட்டி சுருங்கி, வாழ்நாள் சில திங்களேனும் நீளுகின்றது. மற்றவர்க்கோ தோலிற் கொப்புளமும் கைப்பொருட் செலவுமே எஞ்சுகின்றன.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? கட்டியின் உயிரணுக்களுள் எழுதப்பட்டிருக்கும் ஓரெழுத்தே பெரும்பாலும் காரணமாதல் கூடும் என்பது இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேதான் தெளிவாயிற்று. அவ்வெழுத்தை வாசிக்கும் சோதனை யாது, அஃது எங்ஙனம் செய்யப்படுகின்றது, அதனால் நோயாளிக்கும் அவர் குடும்பத்தார்க்கும் விளையும் பயன் என்ன என்பவற்றை ஈண்டுச் சுருங்க விளக்கப் புகுகின்றோம். மருத்துவம் பயிலாது தமிழ் பயிலும் நாம் இப்பொருளை எடுத்துக்கொண்டமை சிலர்க்கு வியப்பைத் தரலாம். ஆயினும் இஃது எழுத்தையும், எழுத்துப் பிழையையும், பிழை திருத்துதலையும் பற்றிய செய்தியாதலின் நமக்கு முற்றும் அயலானதன்று.

முதற்கண் உடலின் இயல்பைச் சிறிது நோக்குவோம். பெருங்குடல் ஏறக்குறைய 5 அடி நீளமுள்ளது. அதன் உட்புறத்தை மூடிய மெல்லிய படலம் ஓயாது தேய்ந்து ஓயாது புதுப்பிக்கப்படுவது. அப்படலத்தின் உயிரணுக்கள் சில நாட்களே வாழ்ந்து உதிர்ந்துவிட, கீழிருந்து புதியன தோன்றி அவ்விடத்தை நிரப்புகின்றன. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போதெல்லாம் அதனுள் இருக்கும் டி.என்.ஏ. என்னும் நீண்ட சுவடி முழுதும் படியெடுக்கப்படல் வேண்டும். அச்சுவடி ஏ, சி, ஜி, டி என்னும் 4 எழுத்துக்களால் ஆயது. மனிதனுடைய சுவடியில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துக்கள் உள்ளன. தந்தைவழி ஒன்றும் தாய்வழி ஒன்றுமாக இரண்டு பிரதிகள் நம்மிடத்தே உண்டு. எழுத்துக்கள் மும்மூன்றாகச் சேர்ந்து ஒரு சொல்லாகும். ஒவ்வொரு சொல்லும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். அமினோ அமிலங்கள் வரிசையாய்க் கோக்கப்பட்டுப் புரதமாகும். ஒரு புரதத்தைச் செய்தற்கு வேண்டிய கட்டளை அடங்கிய பகுதியை மரபணு என்கின்றோம்.

இத்துணைப் பெரிய சுவடியை நாள்தோறும் படியெடுக்குங்கால் பிழை நேராதிருத்தல் அரிது. நேரும் பிழைகளின் வகையை நோக்கின், இலக்கணம் பயில்வார்க்கு அவை பழகியனவாகவே தோன்றும். சொற்புணர்ச்சியில் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று விகாரங்களைக் கற்கின்றோம். மரபணுவிலும் இல்லாத எழுத்து இடையே தோன்றலாம். ஓரெழுத்து மற்றோரெழுத்தாய்த் திரியலாம். இருந்த எழுத்துக் கெடலாம். புணர்ச்சி விகாரம் விதிப்படி நிகழ்வது; பொருளைக் கெடுக்காதது. மரபணு விகாரமோ விதியின்றி நேர்வது. சிலபோது பொருளை முற்றும் மாற்றிவிடுவது. எழுத்துக்கள் மும்மூன்றாக வாசிக்கப்படுவதால், இடையே ஓரெழுத்துக் கெட்டாலும் அதன் பின்வரும் சொற்களெல்லாம் பிறழ்ந்துபோம். இம்மூவகை விகாரத்தையும் இக்கட்டுரையிற் பொதுவாகத் திரிபு என்றே வழங்குவோம்.

ஒரு திரிபினால் மட்டும் புற்றுநோய் உண்டாகிவிடுவதில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டிற் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பெர்ட் வோகல்ஸ்டைன் என்பாரும் அவருடன் உழைத்தோரும், பெருங்குடலிற் சிறு முளையாகத் தோன்றும் கட்டிகளையும் முற்றிய புற்றுக்களையும் ஒப்புநோக்கி, 1988-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். பின்னர் 1990-ல் வோகல்ஸ்டைனும் எரிக் பியரன் என்பாரும் அதனை ஒரு கொள்கையாக வகுத்துரைத்தனர். ஏ.பி.சி. என்னும் மரபணு கெடுதல் பெரும்பாலும் முதற்படி, கே-ராஸ் என்னும் மரபணு திரிதல் இடைப்படி, டி.பி.53 என்னும் மரபணு கெடுதல் பெரும்பாலும் கடைப்படி. படி ஒவ்வொன்றும் ஏறுதற்கு ஆண்டுகள் பல ஆகும். சிறுமுளை புற்றாக முதிர்தற்குப் பொதுவாகப் பத்தாண்டும் அதற்கு மேலும் செல்லும் என்பர். ஆதலின், குழாய்க் கருவியாற் பெருங்குடலை உட்புறம் நோக்கி முளையை அகற்றிவிடின் புற்றுத் தோன்றாமலே காத்தல் இயலும் என்பதற்கும் இக்கொள்கை துணையாயிற்று.

இனி, இக்கட்டுரைக்கு உயிர்நாடியாகிய ஒரு வேற்றுமையைக் கூறுதல் வேண்டும். திரிபு இருவகைப்படும். ஒன்று, பிறக்கும்பொழுது இல்லாது, வாழ்நாளில் ஏதோவொரு குடலுயிரணுவில் நேர்ந்து, அதன் வழித்தோன்றல்களாகிய கட்டியில் மட்டும் காணப்படுவது. மற்றொன்று, பெற்றோரிடமிருந்து வந்து, உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் இருப்பது. சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்பார் இவ்வேற்றுமையை எளிதில் உணர்வர். ஒரு படியில் மட்டும் காணப்படும் பிழை அப்படியை எழுதினோன் பிழை. தாயேட்டிலேயே இருக்கும் பிழையோ அதிலிருந்து எழுதப்பட்ட படிகளிற் பரவும். முன்னதை அறிதல் மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும். பின்னதை அறிதல் உடன்பிறந்தாரையும் மக்களையும் காக்க உதவும். கட்டியின் மரபணுவைச் சோதித்தல் என்னும் ஒரு தொடருக்குள் இவ்விரு கேள்விகளும் அடங்கியுள்ளன. எக்கேள்விக்கு விடை தேடுகின்றோம் என்பது தெளிவின்றிச் செய்யும் சோதனை குழப்பத்தையே தரும்.

முதற் கேள்வியாகிய மருந்தை முன்னர் ஆராய்வோம். உயிரணுவின் புறத்தே வளர்ச்சிக் கட்டளையை ஏற்கும் வாயில் ஒன்று உண்டு, அதனை ஈ.ஜி.எப்.ஆர். என்பர். அதனைத் தெருக்கதவு என்று கொள்வோம். கதவு தட்டப்படும் ஓசை கேட்டால் உள்ளிருக்கும் ஏவலாள், விருந்தினர் வந்தனர் என்று அடுக்களைக்கு அறிவிப்பான். அடுக்களையில் உலை ஏறும். தட்டும் ஓசை நின்றவுடன் ஏவலாளும் வாய் மூடுவான். அவ்வேவலாளே கே-ராஸ் மரபணுவாற் செய்யப்படும் புரதம். புற்றுநோயில் இவ்வாயில் ஓயாது தட்டப்படுதலைக் கண்ட ஆராய்ச்சியாளர், வாயிலை அடைத்துவிடும் மருந்துகளைச் செய்தனர். செட்டுக்சிமாப் என்பது 2004-ஆம் ஆண்டிலும், பானிடுமுமாப் என்பது 2006-ஆம் ஆண்டிலும் பரவிய பெருங்குடற் புற்றுக்கு வழங்குதற்கு அமெரிக்க நாட்டில் இசைவு பெற்றன.

ஆனால், தட்டுவார் எவருமின்றியே ஏவலாள் விருந்தினர் வந்தனர் என்று ஓயாது கூவுவானாயின் தெருக்கதவை அடைத்துப் பயன் என்ன? கே-ராஸ் மரபணுவின் 12-ஆம் சொல் ஜி-ஜி-டி என்பது. அது கிளைசின் என்னும் அமினோ அமிலத்தைக் குறிக்கும். இடையெழுத்தாகிய ஜி என்பது ஏ என்று திரிந்து ஜி-ஜி-டி என்பது ஜி-ஏ-டி ஆயின், கிளைசினுக்கு மாற்றாக அஸ்பார்ட்டிக் அமிலம் வந்து சேரும். அம்மாற்றத்தாற் புரதம் அடங்குந் திறனை இழந்து, எஞ்ஞான்றும் கட்டளையிட்ட வண்ணமே இருக்கும். 300 கோடி எழுத்துக்களுள் ஓரெழுத்தின் திரிபு இத்துணைப் பயனை விளைக்கின்றது. பெருங்குடற் புற்று உடையார் 100 பேருள் ஏறக்குறைய 40 பேரிடத்துக் கே-ராஸ் திரிபு காணப்படுகின்றது.

இக்கருத்து வெறும் ஊகமன்று என்பதை 2008-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி நிலைநாட்டிற்று. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும், வேறு மருந்துகள் யாவும் பயன்படாது கைவிட்ட நோயாளிகளை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியார்க்குச் செட்டுக்சிமாப் மருந்தும் துயர்தணிக்கும் பேணலும், மற்றைப் பகுதியார்க்குப் பேணல் மட்டுமாகவும் அளித்திருந்தனர். அவர்களுள் 394 பேருடைய கட்டிகளின் கே-ராஸ் எழுத்துக்கள் பின்னர் வாசிக்கப்பட்டன. 100-க்கு 42 விழுக்காட்டினும் சற்று மிகுதியான கட்டிகளிற் திரிபு காணப்பட்டது. திரிபில்லாதவருள் மருந்து பெற்றார்க்கு இடைநிலை வாழ்நாள் 9.5 திங்கள், பெறாதார்க்கு 4.8 திங்கள். திரிபுடையாரிடத்தோ மருந்து பெற்றார்க்கும் பெறாதார்க்கும் குறிப்பிடத்தக்க வேற்றுமை யாதும் இல்லை. அடுத்த ஆண்டே, அதாவது 2009-ல், கே-ராஸ் திரிபுடையார்க்கு இம்மருந்துகளை வழங்குதல் தகாதென்று அமெரிக்க நாட்டு மருந்துக் குறிப்பேடுகளிற் சேர்க்கப்பட்டது.

2013-ல் இன்னொரு செய்தி புலனாயிற்று. கே-ராஸ் மரபணுவின் பிற பகுதிகளிலும், அதன் உடன்பிறப்பைப் போன்ற என்-ராஸ் மரபணுவிலும் நேரும் திரிபுகளும் அதே விளைவைத் தருவன என்றும், திரிபுடையார்க்குப் பானிடுமுமாபை ஆக்சாலிப்ளாட்டின் கலந்த மருந்துகளோடு கொடுத்தாற் பயனின்மையேயன்றித் தீங்கும் விளைகின்றது என்றும் அறியப்பட்டது. ஆதலால் இந்நாளில் ஒரு சொல்லை மட்டும் வாசித்து நின்றுவிடாது, இரு மரபணுக்களிலும் உரிய பகுதிகளையெல்லாம் வாசித்த பின்னரே மருந்து வகுக்கப்படுகின்றது. சோதனை தரும் இல்லையென்னும் விடைக்கும் மதிப்புண்டு என்பதை ஈண்டு உணர்தல் வேண்டும். இம்மருந்து உமக்குப் பயன்படாது என்று முன்னரே அறிந்துகொண்ட நோயாளி, வீண் துன்பத்தினின்றும் வீண் செலவினின்றும் காக்கப்பட்டு, வேறு வழியை நாடுதற்குக் காலம் பெறுகின்றார்.

திரிபுடையார் கதி மருந்தின்றி முடிந்துவிடுவதுமன்று. பி-ராப் என்னும் மரபணுவில் 600-ஆம் சொல் திரிந்தவர்க்கு, அத்திரிபையே நோக்கிச் செய்யப்பட்ட என்கோராபெனிப் என்னும் மருந்தைச் செட்டுக்சிமாபோடு சேர்த்து வழங்க 2020-ல் இசைவளிக்கப்பட்டது. கே-ராஸ் புரதத்தை எம்மருந்தாலும் பற்ற இயலாதென்று நெடுங்காலம் கருதியிருந்தனர். 2013-ல் சான் பிரான்சிஸ்கோ நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கெவன் ஷோகாட் என்பார் குழுவினர், 12-ஆம் இடத்திற் கிளைசின் சிஸ்டீனாகத் திரிந்த புரதத்தில் மருந்து பற்றிக்கொள்ளத்தக்க ஒரு குழியைக் கண்டனர். பெருங்குடற் புற்றில் அத்திரிபு 100-க்கு ஏறக்குறைய 3 பேரிடத்தே மட்டும் உள்ளது. ஆயினும் அவர்க்கென அடாக்ராசிப் என்னும் மருந்து 2024-லும், சோட்டோராசிப் என்னும் மருந்து 2025-லும், வாயிலடைக்கும் மருந்துகளோடு சேர்த்து வழங்குதற்கு அமெரிக்க நாட்டில் இசைவு பெற்றன. வாசித்தவர்க்கன்றோ இம்மருந்து உண்டு? வாசியாதவர்க்கு அஃது இருந்தும் இல்லாததே.

இனி இரண்டாம் கேள்வியாகிய குடும்பத்திற்கு வருவோம். அதன் வரலாறு ஆய்வுக்கூடத்தில் தொடங்காமல் ஒரு தையற்காரப் பெண்மணியின் வாய்மொழியில் தொடங்கிற்று. மிச்சிகன் மாகாணத்து ஆன் ஆர்பர் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் நோய்க்கூற்றியல் ஆசிரியராயிருந்த ஆல்டிரெட் ஸ்காட் வார்த்தின் என்பாரிடம் 1895-ல் அவ்வம்மையார், தம் குடும்பத்தார் பலர் வயிற்றிலும் குடலிலும் கருப்பையிலும் புற்று உண்டாகி மாண்டனர் என்றும், தாமும் அங்ஙனமே இளமையில் மாள்வது உறுதி என்றும் கூறினார். அக்காலத்துப் பலர் அதனை அச்சமென்று தள்ளியிருப்பர். வார்த்தின் தள்ளினாரல்லர், அக்குடும்பத்தின் வமிசாவளியைத் தொகுக்கத் தொடங்கி, 1913-ல் அதனை வெளியிட்டார். அம்மையார் தாம் சொன்னவாறே கருப்பைப் புற்றினால் இளமையில் இறந்தார். அக்குடும்பம் மருத்துவ நூல்களில் ஜி குடும்பம் என்று வழங்கப்படுகின்றது.

அரை நூற்றாண்டு கழிந்து, நெப்ராஸ்கா மாகாணத்து ஒமாகா நகரத்தில் ஹென்றி லிஞ்ச் என்னும் மருத்துவர் இத்தகைய குடும்பங்களை மீண்டும் ஆராயத் தலைப்பட்டார். 1966-ல் இரு குடும்பங்களைப் பற்றி அவர் எழுதியபோது, புற்றுநோய் குடிவழி வரும் என்னுங் கொள்கையைப் பலர் ஏற்றிலர். ஜி குடும்பத்தின் வரலாற்றையும் அவரே தொடர்ந்து 1971-ல் வெளியிட்டார். இந்நாளில் இக்குடிவழி நோய்க்கு அவர் பெயரே வைத்து லிஞ்ச் நோய்த்தொகுதி என்று வழங்குகின்றனர்.

இந்நோய்த்தொகுதியின் காரணம் 1993, 1994 ஆகிய ஆண்டுகளில் வெளிப்பட்டது. நம் உயிரணுக்கள் சுவடியைப் படியெடுப்பதோடு அமையாது, எடுத்த படியைப் பார்வையிட்டுப் பிழை திருத்தும் ஏற்பாட்டையும் உடையன. அச்சுக்கூடத்தில் அச்சுப்பிழை திருத்துவாரைப் போன்ற இவ்வேலையைச் செய்யும் புரதங்கள் எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 என்னும் நான்கு மரபணுக்களால் ஆகின்றன. நுண்கிருமிகளிடத்து இவ்வேற்பாட்டின் இயக்கத்தை விளக்கிய பால் மோட்ரிச் என்பார்க்கு 2015-ல் இரசாயனத்திற்குரிய நோபல் பரிசிற் பங்கு அளிக்கப்பட்டது. லிஞ்ச் குடும்பத்தினர் இந்நான்கனுள் ஒன்றன் ஒரு பிரதி பழுதுற்றே பிறக்கின்றனர். வாழ்நாளில் ஏதேனும் ஓர் உயிரணுவில் மற்றைப் பிரதியும் பழுதுறுமாயின், அவ்வுயிரணுவிற் பிழை திருத்துவார் இல்லாது போகின்றது, திரிபுகள் பெருகுகின்றன, ஆண்டுகள் பல வேண்டிய படிகளைக் கட்டி விரைந்து ஏறுகின்றது. ஜி குடும்பத்தின் குறை எம்.எஸ்.எச்.2 மரபணுவில் இருந்தது என்பதும் பின்னர் அறியப்பட்டது. பழுதுற்ற பிரதியுடைய ஒருவருக்குப் பிறக்கும் மகவு ஒவ்வொன்றும் அதனைப் பெறுதற்கும் பெறாதிருத்தற்கும் வாய்ப்புச் சரிபாதி.

பிழை திருத்துவார் இல்லாமையைக் கட்டியிலேயே காணும் வழி இரண்டு உண்டு. முதல் வழி எழுத்தெண்ணுதல். நம் சுவடியில் ஒரே எழுத்து அடுத்தடுத்துப் பன்முறை வரும் இடங்கள் பல உள்ளன. பாட்-26 என்று பெயரிடப்பட்ட இடத்தில் ஏ என்னும் எழுத்து 26 முறை தொடர்ந்து வருகின்றது. ஓரெழுத்தையே 26 முறை எழுத நேரும் எழுத்தாளன் எண்ணிக்கை தவறுதல் இயல்பன்றோ? பிழை திருத்துவார் உள்ள உயிரணுவில் அத்தவறு நீங்கிவிடும். இல்லாத கட்டியில் நிலைத்துவிடும். நோயாளியின் நல்ல திசுவையும் கட்டியையும் ஒப்பிட்டு, இத்தகைய இடங்கள் சிலவற்றின் நீளம் மாறியிருத்தலைக் கண்டால் குறை இன்னதென்று அறியலாம். இரண்டாம் வழி சாயமேற்றுதல். அறுத்தெடுத்த கட்டியைப் பார்மலினில் ஊறவைத்துப் பாரபின் மெழுகிற் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் 200-ல் ஒரு பங்கு கனமுள்ள மெல்லிய தகடுகளாகச் சீவி, மேற்கூறிய நான்கு புரதங்களையும் தனித்தனியே பற்றும் பொருள்களை அவற்றின்மேல் இட்டுச் சாயமேற்றுவர். புரதம் உள்ள உயிரணுவின் நடுக்கரு பழுப்பு நிறமாகும். இல்லாதது நிறமின்றி நிற்கும். எப்புரதம் இல்லையோ அதனைச் சார்ந்த மரபணுவின்மேல் ஐயம் செல்லும்.

ஐயம் வேறு, முடிவு வேறு. பெருங்குடற் புற்றுக்களுள் 100-க்கு ஏறக்குறைய 15-ல் இக்குறை உண்டு. அவற்றுட் பெரும்பாலன குடிவழி வந்தனவல்ல, முதுமையில் எம்.எல்.எச்.1 மரபணுவின் தொடக்கப்பகுதி வேதிப்பொருளால் மூடப்பட்டு வாசிக்கவியலாது போனமையால் வந்தன. ஆதலின் எம்.எல்.எச்.1 புரதம் இல்லையாயின், பி-ராப் மரபணுவின் 600-ஆம் சொல் திரிந்துள்ளதா என்றும், மேற்கூறிய மூடல் உள்ளதா என்றும் முதலிற் பார்ப்பர். திரிபு உளதாயின் குடிவழி நோயாதல் அரிதினும் அரிது. இவை இல்லாதபோதே, நோயாளிக்கு யாவும் எடுத்துரைத்து, அவர் இசைவு பெற்று, அவருடைய இரத்தத்தில் தாயேட்டுப் பிழை உண்டோ என்று நோக்குவர். இவ்வொழுங்கு தவறின், பிழையில்லாத குடும்பத்தை அச்சத்தில் ஆழ்த்தலும், பிழையுள்ள குடும்பத்தைக் காவாது விடுதலும் நேரும்.

இச்சோதனையை யாவர்க்குச் செய்தல் வேண்டும்? இளமையில் நோய்ப்பட்டவர்க்கும், குடும்பத்தில் நோய்வரலாறு உடையார்க்கும் மட்டும் செய்தாற் போதுமென்பதே முற்காலத்து வழக்கம். அது போதாதென்பதை ஓஹையோ மாகாணத்துக் கொலம்பஸ் நகரப் பகுதியிற் செய்யப்பட்டு 2005-ல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. ஹெதர் ஹாம்பல் என்னும் அம்மையாரும், பின்லாந்து நாட்டிலிருந்து அங்குச் சென்ற அல்பர்ட் டெ லா ஷபெல் என்னும் பேரறிஞரும் அதனை நடத்தியோருட் சிறந்தோர். பெருங்குடற் புற்றுடைய 1,066 பேரின் கட்டிகள் வேறுபாடின்றிச் சோதிக்கப்பட்டன. 23 பேரிடத்து லிஞ்ச் நோய்த்தொகுதி காணப்பட்டது. அவர்களுள் 10 பேர் 50 வயதைக் கடந்தவர். 5 பேர் முன்னர் வகுத்திருந்த அடையாள விதிகள் எவற்றுள்ளும் அடங்காதவர். வயதையும் வரலாற்றையும் மட்டும் நம்பியிருந்தால் இவர்கள் அறியப்படாமலே போயிருப்பர். அந்த 23 பேருள் 21 பேரின் குடும்பங்களில் 117 உறவினர் சோதனைக்கு முன்வந்தனர். 52 பேர் பழுதுடையார் என்றும், 65 பேர் இல்லார் என்றும் தெரிந்தது. 52 பேர் எச்சரிக்கை பெற்றனர். 65 பேர் அச்சம் நீங்கப் பெற்றனர். இரண்டும் பேறே. இத்தகைய சான்றுகளைக் கொண்டு இங்கிலாந்தின் நைஸ் என்னும் மருத்துவ மதிப்பீட்டு நிறுவனம், பெருங்குடற் புற்றுக் கண்டார் அனைவர் கட்டியையும் சோதித்தல் வேண்டுமென்று 2017-ல் அறிவுறுத்திற்று.

அறிந்தபின் செய்யத்தக்கது யாதுமில்லையாயின் அறிவு சுமையே ஆகும். ஈண்டு அங்ஙனமன்று. பின்லாந்தில் 22 குடும்பங்களைச் சார்ந்த 252 பேரை 15 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கிய ஓர் ஆராய்ச்சி 2000-ல் வெளிவந்தது. மூன்றாண்டுக்கொருமுறை குழாய்க் கருவியாற் குடலைப் பார்வையிட்டுக்கொண்டவர்க்குப் பெருங்குடற் புற்று 100-க்கு 62 விழுக்காடு குறைந்தது. இப்பொழுது இன்னும் குறுகிய இடைவெளியிற் பார்வையிடுதல் பல நாடுகளில் வழக்கம். நியூகாசில் நகரத்து ஜான் பர்ன் என்பார் தலைமையில் லிஞ்ச் குறையுடைய 861 பேரிடத்து நடந்த ஆராய்ச்சியில், நாள்தோறும் ஆஸ்பிரின் உட்கொண்டவர்க்குப் புற்று வருதல் ஆண்டுகள் செல்லச்செல்லக் குறைந்தமை காணப்பட்டது. எளிதிற் கிடைப்பதென்று கருதி மருத்துவரைக் கேளாமல் எவரும் அதனை உட்கொள்ளலாகாது. அஃது இரத்தக்கசிவையும் விளைக்க வல்லது.

நோய் கண்டபின்னும் இவ்வறிவு உதவுகின்றது. பிழை திருத்துவார் இல்லாத கட்டியில் விகாரமுற்ற புரதங்கள் மிகுதியாதலின், உடலின் காவற்படை அதனை அயலென்று எளிதில் அடையாளங்காணும்; கட்டி அப்படையைத் தடுத்து நிறுத்தும் சூழ்ச்சி செய்யும். அச்சூழ்ச்சியை முறிக்கும் பெம்ப்ரோலிசுமாப் என்னும் மருந்து, கட்டி எவ்வுறுப்பில் இருப்பினும் இக்குறை உடையதாயின் வழங்கத்தக்கது என்று 2017-ல் அமெரிக்க நாட்டில் இசைவு பெற்றது. உறுப்பின் பெயரை நோக்காது மரபணுவின் குறியை நோக்கி ஒரு புற்று மருந்து இசைவு பெற்றமை அதுவே முதன்முறை. நியூயார்க்கு நகரத்து மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் நிலையத்தில், இக்குறையுடைய மலக்குடற் புற்றுக் கண்ட 12 பேர்க்கு டோஸ்டார்லிமாப் என்னும் மருந்து மட்டும் அளிக்கப்பட்டது. 12 பேரிடத்தும் கட்டி முற்றும் மறைந்தது என்று 2022-ல் வெளியிட்டனர். எண்ணிக்கை சிறிதே, ஆயினும் அறுவையும் கதிரும் இன்றி அவர்கள் நின்றமை பெருஞ்செய்தி.

இச்சோதனைகளின் எல்லையையும் மறைத்தலாகாது. கட்டித்துண்டு மிகச் சிறிதாயினும், அதிற் புற்றுயிரணுக்கள் குறைவாயினும், பார்மலினிற் பதம் கெட்டிருப்பினும் வாசிப்புப் பிழைபடும். திரிபு காணப்படவில்லை என்னும் விடை நோய் இல்லை என்று பொருள்படாது. சில திரிபுகள் தீங்கானவையோ அல்லவோ என்று துணியப்படாத நிலையில் உள்ளன. அவற்றைக்கொண்டு முடிவு செய்தல் தகாது. அன்றியும், ஒருவர் இரத்தத்தில் வாசிக்கப்படும் எழுத்து அவருடையது மட்டுமன்று. அவருடைய அண்ணனுக்கும் தங்கைக்கும் மகளுக்கும் உரியது. அறிய விரும்புவாரும் உண்டு, விரும்பாதாரும் உண்டு. ஆதலாலேயே சோதனைக்கு முன்னும் பின்னும் தக்கார் அமர்ந்து பேசி விளக்குதல் சோதனையின் ஒரு பகுதியாகவே கொள்ளப்படுகின்றது.

நம்மவர் இல்லங்களிற் புற்றுநோய் என்னும் பெயரை வாய்விட்டுச் சொல்லத் தயங்குவார் பலர். பெண் கொடுக்கவும் பெண் எடுக்கவும் தடையாகுமென்று அஞ்சி, இன்னார் இன்ன நோயால் இறந்தார் என்பதை மறைத்தலும் உண்டு. அவ்வச்சத்தை இகழ்தல் எளிது. அதற்குக் காரணமாகிய உலக வழக்கை மாற்றுதலே கடன். ஆயினும் மறைப்பினால் எழுத்து மாறிவிடுவதில்லை. உரிய காலத்திற் பார்வையிடத்தக்க குடல் பார்வையிடப்படாமற் போவதே அதன் பயன். தன் குடும்பத்தின் துயரை மறையாது சொன்ன ஒரு தையற்காரப் பெண்மணியும், அதனைச் செவிமடுத்த ஓர் ஆசிரியரும் இல்லையாயின், இவ்வறிவு இன்னும் எத்துணைக் காலம் தாழ்த்திருக்குமோ அறியோம்.

ஆதலின் நம் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் தம் இல்லத்துப் பெரியோரிடம் அமர்ந்து, பாட்டன் பாட்டியர், அத்தை மாமன்மார் எவ்வயதில் எந்நோயால் இறந்தனர் என்று கேட்டறிந்து எழுதிவைப்பாராக. நெருங்கிய உறவினர்க்குப் பெருங்குடற் புற்றுக் கண்டால், கட்டியின் மரபணு வாசிக்கப்பட்டதா, மருந்துக்காகவா குடும்பத்துக்காகவா என்று மருத்துவரைப் பணிவுடன் வினவுவாராக. ஓரெழுத்துத் திரியின் பொருள் திரியும் என்பதைப் பிறரினும் நாம் நன்கறிவோம். அத்திரிபை வாசித்தறிந்த பின்னரே மருந்தும் காவலும் வகுக்கப்படல் வேண்டும் என்பதனையும் மறவாதிருப்போமாக.